நான்கில் ஒன்று

நேற்று மாலை அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மரபியல் பகுதியில் நான் கேட்டிருந்த கேள்வி இது: தாய், தந்தை இருவரும் ஒரு நோயின் மரபணுவை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள், முதல் குழந்தைக்கு நோய் இருக்கிறது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது: 'நான்கில் ஒரு குழந்தைக்கே நோய் வரும். அது முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் மற்ற மூன்றும் நலமாக இருக்கும்.' சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சுழியம் போட்டேன். ஓரத்தில், 'ஒவ்வொரு பிறப்புக்கும் வாய்ப்பு புதிதாகவே தொடங்குகிறது. முந்தைய பிறப்பு அதை மாற்றாது' என்று எழுதினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதே வாக்கியத்தை, நண்பா, உன்னிடம் சொல்ல எனக்கு ஏழு ஆண்டுகள் இருந்தன. சொல்லாமலே உன்னைப் போகவிட்டேன்.

உன் மகள் பூங்கொடியை உன் அக்கா மகனுக்கே கொடுத்தாய். பள்ளிபாளையத்தில் அவர்களுக்குத் தறிப்பட்டறை. முறை மாப்பிள்ளை இருக்கும்போது வெளியில் தேடுவதை உன் வீட்டில் எவரும் நினைத்ததில்லை. நானும் தடை சொல்லவில்லை. அழைப்பிதழின் அச்சுப்படியை மூன்று முறை திருத்திக் கொடுத்ததுதான் அந்தக் கல்யாணத்தில் என் பங்கு. "இவங்கிட்டக் குடுத்தா தாலி முடிச்சையும் அவுத்துப் பாத்து மார்க் போடுவான்" என்று பந்தியில் என்னைக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தாய்.

பேரன் பிறந்த பத்தாம் மாதம் கைகால் விரல்கள் வீங்கி வலியில் கதறினான். உன் ஊரான எருமப்பட்டி வைத்தியத்துக்கு அது கேட்கவில்லை. சேலத்து மருத்துவமனைக்கு நானும் உடன் வந்தேன். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்து மருத்துவர் சொன்னதை உனக்கு விளக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதத்தின் ஓர் இழையில் நூற்று நாற்பத்தாறு அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இவனுக்கு அங்கே வாலின் வந்துவிட்டது. அதனால் ரத்த அணுக்கள் அரிவாளைப்போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன என்றேன்.

ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றி அனுப்புகிறவன் நீ. "நூத்தி நாப்பத்தாறு மூட்டை கெழங்குல ஒரு மூட்டை மாறிப்போச்சுன்னா சேகோ மில்லுக்காரங்கூட ஒண்ணுஞ் சொல்லமாட்டானேடா" என்றாய். வகுப்பில் இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பாடத்துக்கு அப்படியொரு மறுப்பை எவரும் சொன்னதில்லை.

அன்று சேலம் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பூங்கொடி பக்கத்தில் பெஞ்சின்மேல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, அப்ப அடுத்த கொழந்தைக்கு?" என்று நீ கேட்டாய்.

"நாலுக்கு ஒன்று" என்றேன்.

நீ நான்கு விரல்களை நீட்டி ஒன்றை மடக்கினாய். "அந்த ஒண்ண இவன் வாங்கிக்கிட்டான். பாக்கி மூணும் நல்லபடியாப் பொறக்கும். அப்படித்தானடா?"

பத்து நாட்களுக்குப் பிறகு உன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது. "பார்க்கலாம்" என்றேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. அதையே ஒரு நியாயமாக நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவன் மூன்று வயதைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு பேத்தி பிறந்தாள். கற்கண்டுப் பொட்டலத்தோடு நாமக்கல்லுக்கு என் வீடு தேடி வந்து, "மூணுல மொதலு வந்தாச்சு" என்றாய். ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துவிடலாமே என்று மெல்லச் சொன்னேன். "நீதானடா சொன்ன? நல்ல புள்ளைய எதுக்குக் குத்தோணும்?" என்றாய். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவளுக்கு இரண்டு வயதில், ஐப்பசி அடைமழையில், காய்ச்சல் கண்டது. இந்த நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அவளுக்கு நோயே இல்லை என்று நீங்கள் எல்லோரும் நம்பியதால் பள்ளிபாளையத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே கஷாயம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பி, உதடு வெளுத்துவிட்டது. ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காவிரிப் பாலத்தைக் கடப்பதற்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "உன்ற கணக்குச் சரிதாண்டா. எங்க நேரந்தான் சரியில்ல." என் பிழையை உன் தலையெழுத்தாக்கிக்கொண்டாய். அப்போதும் நான் திருத்தவில்லை. போன ஆனியில் கிழங்குக் காட்டில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். அதற்குப் பிறகு திருத்துவதற்கு நீ இல்லை.

போன வாரம் பூங்கொடி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம்.

"அப்பா சொன்ன மூணுல ஒண்ணு தவறிப்போச்சுங்க மாமா. இதாவது நிக்குமுங்களா?" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். அன்று பேருந்து நிலையத்திலேயே எனக்கு அது தெரியும். பிறந்ததும் ரத்தம் சோதிக்க வேண்டும், காய்ச்சலென்றால் ஒரு பொழுதுகூடத் தாமதிக்கக் கூடாது என்பதையும் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"நானும் அன்னைக்குப் பக்கத்துலதானுங்க இருந்தேன் மாமா. எனக்காச்சும் சொல்லியிருக்கலாமுங்க." மடித்த தாளை முந்தானையில் முடிந்தாள். "ரெண்டு நாளுங்க. அவ எந்தோள்மேலதான் கெடந்தா. நல்ல புள்ளதான, காச்ச விட்டுரும் விட்டுரும்னு தட்டிக் குடுத்துட்டே இருந்தனுங்க."

அவள் போய்விட்டாள். நீ போன துக்கத்துக்கு அழ எனக்கு உரிமை உண்டென்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. அந்த இரண்டு நாட்கள் மட்டும் இருக்கின்றன.