அம்மா அழுத்திய பட்டன்

தி.நகர்,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து.

அன்பு மகள் சாய்மாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். கனடாவில் குளிர் விட்டதா? இங்கே வெயில் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் பை வியாபாரம் பரவாயில்லை.

நான் போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் இதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. கேன்சர் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

வேலை தேடும்போது கை பழகுவதற்காக, யாரும் கேட்காமலேயே ஊரிலுள்ள வெப்சைட்டுகளையெல்லாம் நீ புதிதாகச் செய்து பார்ப்பாயே. அடுத்தவன் கடைக்கு நீ எதற்குப் போர்டு எழுதுகிறாய் என்று நான்கூடக் கிண்டல் செய்வேன். போன வருஷ ரமலானில், நாம் வழக்கமாகக் காட்டும் மயிலாப்பூர் ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் தமிழில் செய்து, எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி அம்மாவுக்கு அனுப்பினாய். அவர்களுடைய பக்கம் முழுக்கப் பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம், வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாய்.

அப்போதே அவளுக்குக் கட்டி தட்டுப்பட்டிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே கேட்டு நீ செய்துகொடுத்தாய் என்று நினைத்துவிட்டாள். நஸ்ருன்னிசா என்று பெயரை அடித்து, நாள் குறித்து, பட்டனை அழுத்தியிருக்கிறாள். ‘பதிவாகிவிட்டது. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று வந்திருக்கிறது.

அந்த நாளில் தனியாகப் போயிருக்கிறாள். கவுண்டரில் இருந்த பெண் பெயரைத் தேடிவிட்டு, போனை வாங்கிப் பார்த்து, ‘இது எங்களுதே இல்லம்மா, யாரோ டூப்ளிகேட் பண்ணி வச்சிக்கிறாங்க. யாரு அனுப்புனது? போலீசுல சொல்லணும்’ என்றாளாம். உன் அம்மா, யாரோ அனுப்பினார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுபடி போனால் உன் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயம். எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இந்த ரமலானில் வலி தாங்காமல் நோன்பை விட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீ செய்த பக்கத்தைத் திறந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். இது பயிற்சிக்காகச் செய்தது என்று எழுதித்தான் வைத்திருக்கிறாய். அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

அதைச் சொன்னதற்கு அம்மாவுக்கு என் மேல்தான் கோபம். ‘எம் பொண்ணு எழுதினத மட்டும்தான் என்னால படிக்க முடிஞ்சுது, அத்தப் போய்க் குறை சொல்லாதீங்க’ என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். அதனால் இந்த வேலையை விட்டுவிடாதே. அந்த ஒரு வரியை மட்டும் மேலே கொண்டுவந்து, தமிழில், பெரிதாகப் போடு. இன்னொரு வீட்டில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

உனக்கு இன்டர்வியூக்கள் இருப்பது தெரியும். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் வர வேண்டாம் என்றுதான் சொல்வாள். ஆனால் உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறாள்.

நேற்று மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். பெயர் கேட்கும் இடத்தில் சாய்மா என்று அடித்து, ஆபரேஷனுக்கு முந்தின நாளைக் குறித்திருந்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ எழுதியதுதானே.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்குவானாக.

உன் அத்தா,
இனாயத்