கூட்டும் வண்டிக்கு மட்டும்

02.11.2006, வியாழன்
விடியற்காலையிலிருந்து மழை. ஹீட்டர் முழுக்க இவருடைய வேலைச் சட்டைகள். காயவில்லை.

முதலாளி தொலைபேசியில். இரண்டு மாதமாக இவரைத் தும்புத்தடியோடு தெருக்கூட்ட வைத்திருந்தாராம், இனி முடியாதாம். முன்போல தெருக்கூட்டும் வண்டியை ஓட்டினால் வேலை. இல்லையென்றால் வருடக் கடைசியோடு சரி.

செப்டம்பரில் ஒரு ஞானஸ்நான விருந்து. நான் அன்று முதியோர் இல்லத்தில் வேலை. இவர் குடித்துவிட்டுக் காரை எடுத்து, நிறுத்தியிருந்த ஒரு வான் வண்டியில் மோதினார். பொலிஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டது. கூட்டும் வண்டிக்கும் அந்த லைசென்ஸ்தான்.

வாங்க: பால், வெங்காயம், குளியலறைக்கு பல்ப்.

06.11., திங்கள்
வழக்கறிஞரைப் பார்க்க டெர்மின் கிடைத்து, இருவரும் போனோம். இளம் பெண், வேகமான ஜெர்மன்.

"காருக்குக் கிடைக்காது. ஆனால் கூட்டும் வண்டியை மட்டும் தடையிலிருந்து விலக்கச் சொல்லிக் கேட்கலாம். சைக்கிள் வேகம்தானே அது."

நீதிபதி இவரை நம்ப வேண்டுமாம். மனைவி சாட்சி சொன்னால் நல்லதாம்.

படியிறங்கும்போது இவர்: "அண்டைக்குப் பிறகு நான் குடியைத் தொடேல்லை எண்டு சொல்லும். அது காணும்."

"ஓம்" என்றேன். உண்மைதானே. இரவு நன்றாகத் தூங்கினேன், பல நாளுக்குப் பிறகு.

15.11., புதன்
உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனேன். இவர் அங்கே. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, கையில் பியர். காலடியில் வெறும் போத்தல்கள்.

"என்னப்பா இது?"

"இண்டைக்கு மட்டும்தான்."

நான் போத்தல்களை எண்ணத் தொடங்கினேன்.

"புதுப் பெடியன் என்ர வண்டியில போறான். நான் பின்னால தும்புத்தடியோட நடக்கிறன். உமக்கு விளங்காது."

பிறகு என் கையைப் பிடித்து, "வெள்ளிக்கிழமை நீதிபதிக்கு இதைச் சொல்லிப்போடாதேயும். சொன்னா எல்லாம் முடிஞ்சுது."

கிழங்கை மறந்து மேலே வந்துவிட்டேன். சோறும் பருப்பும். இவர் சாப்பிடவில்லை. மாதாவே, நான் என்ன செய்ய?

17.11., வெள்ளி
நீதிமன்றம். கை விறைத்துவிட்டது, உள்ளே வந்தும் சூடேறவில்லை. மொழிபெயர்க்க ஒரு தமிழர், வயதானவர். "பயப்படாதேங்கோ தங்கச்சி."

நீதிபதி ஒரு அம்மா, கடும் தடிமன், மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். மனைவி என்பதால் நான் பேச மறுக்கலாம் என்றார். மறுத்தால் என்ன நினைப்பார்? பேசுகிறேன் என்றேன்.

"அதன் பிறகு இவர் குடித்தாரா?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் 'இல்லை' தயாராக இருந்தது. வந்தது வேறு.

"ஓம். புதன்கிழமை. நிலவறையில."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி, "அப்பிடியே சொல்லட்டோ தங்கச்சி?"

"சொல்லுங்கோ அண்ணை."

ஏன் சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். "வண்டி போற பாதையில சனம் நடக்கும். ஆனா அந்த வண்டி இல்லாட்டி இந்த மனுசன் நிலவறையிலயே இருந்திடுவார். எனக்கு ரெண்டு பயமும் இருக்கு."

இடைவேளை. வழக்கறிஞர் இவரைத் தனியே கூட்டிப் போனார். திரும்பி வந்து இவரே எழுந்து, தலையை நிமிர்த்தாமல், இனி வாராவாரம் குடியை விடுகிறவர்களின் ஆலோசனைக் குழுவுக்குப் போகிறேன் என்றார்.

தீர்ப்பு: கார் இன்னும் எட்டு மாதம் இல்லை. கூட்டும் வண்டிக்கு மட்டும் விலக்கு.

கிடைத்துவிட்டது! ட்ராமில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் இவர் நின்றுகொண்டே வந்தார்.

26.11., ஞாயிறு
பூசைக்கு நான் தனியே. "அவர் வரேல்லையோ?" என்று மூன்று பேர். தடிமன் என்றேன்.

வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து தானே எடுக்கிறார். குழுவுக்குப் போகிறார், வருகிறார். நான் பொய் சொல்லியிருந்தால் இந்த வீட்டில் இன்று சத்தம் இருந்திருக்கும்.

12.12., செவ்வாய்
புது லைசென்ஸ். மெதுவாய்ப் போகும் வண்டிகளுக்கு மட்டும். மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். முதலாளிக்கு நான்தான் போன் பண்ணினேன். நாளை வரலாமாம்.

13.12., புதன்
உறைபனி. இவர் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து முகத்தில் ஊதினார்.

"மணந்து பாரும்."

கோபமா, கேலியா, தெரியவில்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தேன். பற்பசை, தேத்தண்ணி.

"ஒண்டுமில்லை. போயிட்டு வாங்கோ."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கும் பாரும்."