வடிவாய்ப் பார்

கிள்ளான்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜனகா,

நலம்தானே? சித்திரையில் எதற்குக் கோபித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் உன் தம்பி வீட்டுக்குப் போனாய் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. கணவனை இப்படித் தவிக்க விடலாமா?

ஒரு நல்ல செய்தி. உன் பெரியப்பா கார்த்திகேசுவின் பழைய நாடகம் 'தண்ணீர் சுமந்த ராணி'யை அனிமேஷன் படமாக்கி முடித்துவிட்டேன். உன் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன், பார். இரண்டிலும் வரும் மாயாஜாலத்தை ஒப்பிட்டு, விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு. வெளியீட்டன்று என் பக்கத்தில் உட்கார். முடிந்ததும் அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

உன்,
திருச்செல்வம்

பிரிக்பீல்ட்ஸ்,
9 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய இயக்குநருக்கு,

நலம். படத்தைத் தம்பி மகள் நிலானியோடு பார்த்தேன். பாதியில் அவள் மைலோ கலக்க எழுந்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமி, ஓடட்டும்லா. யாராச்சும் பறந்துகிட்டேதான் இருப்பாங்க" என்றாள்.

ஒப்பீடு கேட்டீர்கள். நாடகத்தின் மாயாஜாலத்துக்கு ஒரு மந்திரவாதியும் ஒரு சிட்டிகை விபூதியும் போதும். உங்களுக்குப் பறக்கும் சிம்மாசனமும், வைரம் கக்கும் மீனும், ராஜதந்திரம் பேசும் மூஞ்சூறும் தேவைப்பட்டிருக்கின்றன. மன்னனைவிட மூஞ்சூறு நன்றாக நடித்திருக்கிறது.

நாடகத்தில் மன்னன், தான் துரத்திய மனைவி குடத்தோடு எதிரே நிற்பதை அறியாமல் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். மந்திரவாதி விபூதியை ஊதி, "வடிவாய்ப் பார்" என்கிறான். மன்னன் பார்க்கிறான். அவ்வளவுதான் மாயம். ராணி நின்றபடியே நிற்கிறாள். உங்கள் ராணியோ அதே சொல்லைக் கேட்டதும் பொன்மழையில் சுழன்று, வயது குறைந்து, தோல் வெளுத்து, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருத் துணிக்கடைப் பொம்மையாக இறங்குகிறாள். மன்னனுக்கு ஒரு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
ஜனகா

கிள்ளான்,
13 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜனகா,

கிண்டல் போதும். நாடகத்தில் உள்ளதைத்தான் எடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் வடிவு என்றால் அழகு. உங்கள் வீட்டில் பெண் எடுத்தவனுக்கு அதுகூடவா தெரியாது? நம் கல்யாணத்தில் "பொம்பிளை நல்ல வடிவு" என்றார்கள். எனக்கு அர்த்தம் சொன்னவளே நீதான். அழகாய்ப் பார்க்க வேண்டுமென்றால் அவள் அழகாக வேண்டாமா? மந்திரவாதிக்குக் குரல் கொடுத்த ராதாகிருஷ்ணன்கூட, "செம்ம மந்திரம் பாஸ்" என்றார்.

அது போகட்டும். முன்வரிசையில் உனக்கு நாற்காலி வைத்திருக்கிறேன். வருகிறாய்தானே?

உன்,
திருச்செல்வம்

பிரிக்பீல்ட்ஸ்,
17 செப்டம்பர் 2024

திருச்செல்வம் அவர்களுக்கு,

வடிவு என்றால் அழகு. வடிவாய் என்றால் நன்றாக, கவனமாக. கதவை வடிவாய்ப் பூட்டு, மருந்தை வடிவாய்க் குலுக்கு என்போம். பூட்டும் மருந்தும் அதனால் அழகாவதில்லை.

மார்ச்சில் ஒரு காலை, உங்கள் மேசைக்கு வந்து கழுத்தைக் காட்டி, "இஞ்சை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அழகாத்தான்லா இருக்கே" என்றீர்கள்.

அங்கே ஒரு கட்டி இருந்தது. அதோடுதான் தினமும் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெல்லிக்காய் அளவு ஆன பிறகுதான் இங்கே வந்தேன். தம்பி செந்தூரன் வாசலிலேயே பார்த்துவிட்டான். மறுநாள் ஸ்கேன், பிறகு அறுவை. இப்போது சுகம்.

விழாவுக்கு வரமாட்டேன். வீட்டுக்கும்தான். என் போன கடிதத்தையே கட்டுரையாகப் போட்டுக்கொள்ளலாம். எழுத்துப் பிழை இல்லை.

ஜனகா

கிள்ளான்,
18 செப்டம்பர் 2024

ஜனகா,

கழுத்தில் எந்தப் பக்கம்?

திருச்செல்வம்