படிக்கட்டுக் காவல்

பள்ளி மைதானக் கூடாரம், ஆர்கன்சா
செப்டம்பர் 7, 1957

அன்புள்ள வெல்மா அக்காவுக்கு,

பீச் ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்தது. பாதியைக் கூடாரத்துப் பயல்கள் தின்றுவிட்டார்கள். தொலைபேசியில் கூப்பிடாமல் கடிதம் என்ன கடிதம் என்று கோபிக்காதே. உன் வீட்டுத் தொலைபேசிக் கம்பியிலேயே இன்னும் மூன்று வீடுகளும் தொங்குகின்றன. தொலைபேசிக் கம்பெனி ஆளாக வந்து அந்த இணைப்பைக் கொடுத்தவனே நான். நீ பேசுவதை யார் யார் ஒட்டுக்கேட்பார்கள் என்று தெரியும்.

திங்கட்கிழமை மாலைப் பயிற்சியோடு முடிந்துகொண்டிருந்த மாநிலக் காவற்படை இப்போது முழுநேர வேலையாகிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த இந்தப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர்களை உள்ளே விடாதே என்று ஆளுநர் எங்களை நிறுத்தியிருக்கிறார். சில பிள்ளைகள் வந்தார்கள். துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தேன். முன்னால் இருந்த பெண் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு போய்விட்டார்கள். உத்தரவு தெளிவாக இருந்தது, செய்தேன். அவ்வளவுதான்.

உன் மகள் வகுப்பு ஜன்னலிலிருந்து கையசைத்தாள். மாமா சீருடையில் நிற்பது டார்லீனுக்குப் பெருமை.

உன் தம்பி,
ராய்ஸ்


செப்டம்பர் 26

என் செல்லத் தம்பி ராய்ஸுக்கு,

சாப்பிடுகிறாயா? வானொலியில் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டாராம், நீங்களெல்லாம் ஒரே நாளில் அவருடைய ஆட்களாகிவிட்டீர்களாம். போதாததற்கு வெளியூர்ப் பட்டாளம் கத்தி செருகிய துப்பாக்கியோடு நம் தெருவில் நடக்கிறது. எர்ல் சோறு தண்ணி இல்லாமல் கத்திக்கொண்டே இருக்கிறார். "உன் தம்பி இந்த மாசம் யார் பக்கமாம்? கேட்டுச் சொல்லு" என்கிறார். உன் அத்தான் வாய் தெரிந்ததுதானே.

முதுகுவலி என்று சொல்லி வந்துவிடேன். நான் வளர்த்த பிள்ளை நீ. ஊரார் முன்னால் உன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

உன் அக்கா,
வெல்மா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு முதுகுவலி இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

எர்ல் அத்தானுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காவற்படை ஆளுநருடையது. மாநிலத்தில் சட்டம் நடக்கவிடாமல் கலகம் என்றால், ஜனாதிபதி கையெழுத்திட்டு அதைத் தன் கீழ் எடுத்துக்கொள்ளலாம். கம்பி அதேதான், இணைப்பகம் மாறிவிட்டது. அதே துப்பாக்கி, அதே நான். முன்பு வெளியே நிறுத்தச் சொன்ன பிள்ளைகளை இப்போது உள்ளே பத்திரமாக வைக்கச் சொல்கிறார்கள். பயல்களில் பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள். முதல் இரண்டு நாள் நானும் முணுமுணுத்தேன்.

என் இடம் இரண்டாம் மாடிப் படிக்கட்டு. டார்லீனைத் தினமும் பார்க்கிறேன். இப்போது கையசைப்பதில்லை.

ராய்ஸ்


நவம்பர் 13

அக்கா,

வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன். டார்லீன் பெயரைக் காவல் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

அந்தக் கறுப்பினப் பெண் படியேறும்போது டார்லீனும் இரண்டு தோழிகளும் பின்னாலேயே ஒட்டி நடந்து குதிகாலை மிதிக்கிறார்கள். திங்களன்று பார்த்தேன். சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். செவ்வாயன்று அவள் காலுறை ரத்தமாக இருந்தது. செப்டம்பரில் என் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவள்தான். பதிவேட்டில் எழுத வேண்டுமே என்று அன்றுதான் பெயரே கேட்டேன். "நேத்தே ஏன் சொல்லலை?" என்றேன்.

"நேத்தும் நீங்க இங்கதான நின்னீங்க" என்றாள்.

ராய்ஸ்


நவம்பர் 15

ராய்ஸ் கண்ணு,

டார்லீன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "மாமாவா எழுதினாரு? நம்ம மாமாவா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசி வருடம் அவளுக்கு. பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஏட்டில் ஏறினால் நர்ஸ் படிப்புக்கு எடுப்பார்களா? விளையாட்டுப் புத்தியில் செய்துவிட்டாள். குதிகால் ஆறிவிடும், இது ஆறுமா?

இரும்புக்கடையில் உங்கள் கேப்டன் ஹட்ஜின்ஸைப் பார்த்தேன். "அந்தப் பதிவுத் தாள் செவ்வாய்க்கிழமைதான் பள்ளிக்கூடத்துக்குப் போகும், அதுவரைக்கும் என் மேசையிலதான் கிடக்கும்மா. அவன் வந்து கிழிச்சுட்டா நான் ஒண்ணும் பாக்கல" என்றார். ஒரு தாள். அம்மா செத்தபோது உனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து நான் உன்னிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா? இதை ஒன்று செய்.

உன் அக்கா


நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எதையும் கேட்டதில்லை. அதனால்தான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் கேப்டனிடம் போனேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, சிகரெட் தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது: 'திங்கட்கிழமையும் நடந்தது. காவலில் இருந்த நான் தடுக்கவில்லை.' அதையும் சேர்த்துக் கையெழுத்திட்டு வைத்தேன்.

"உனக்கென்னடா பைத்தியமா?" என்றார் கேப்டன்.

தெரியாத பெண்களின் பெயரை எழுதி மருமகளுடையதை விட்டால், அது காவல் இல்லை அக்கா. டார்லீனுக்கு நர்ஸ் வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ரத்தம் வந்த காலைப் பார்த்துச் சிரிக்கிறவளாகவே அவள் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

ராய்ஸ்


நவம்பர் 23

ராய்ஸுக்கு,

டார்லீனைப் பள்ளியிலிருந்து மூன்று நாள் நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு எர்லின் அண்ணன் குடும்பம் வருகிறது. மேசையில் இடம் இல்லை. நீ வர வேண்டாம்.

வெல்மா


நவம்பர் 25

அன்புள்ள வெல்மா அக்காவுக்கு,

திங்கட்கிழமை தடுக்காததற்கு எனக்கும் தண்டனை உண்டு: இரண்டு வாரம் சமையற்கூடம். உருளைக்கிழங்கு உரித்துக் கை புண்ணாகிவிட்டது. டார்லீனிடம் சொல், கொஞ்சம் சந்தோஷப்படட்டும்.

வெளியூர்ப் பட்டாளம் கிளம்புகிறது. இனி நாங்கள் மட்டும்தான். சமையற்கூடம் முடிந்ததும் கோடைவரை நான் அந்தப் படிக்கட்டில் நிற்கப்போகிறேன். டார்லீன் மறுபடி மிதித்தால் மறுபடி எழுதுவேன். இதை நீ இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வியாழனன்று எனக்கு நான்கு மணி நேரம் விடுப்பு. வராதே என்றாய். வருகிறேன். மேசையில் இடம் கேட்க மாட்டேன். இரண்டு மணிக்கு உன் வாசலில் இருப்பேன், துப்பாக்கி இல்லாமல். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். ஐந்துவரை கதவு திறக்கவில்லை என்றால் அதைப் படியில் வைத்துவிட்டுப் போவேன். கிறிஸ்துமஸுக்கு மறுபடி வருவேன்.

மூடின வாசலில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியும். என் முன்னால் ஒரு பெண் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உன் தம்பி,
ராய்ஸ்