போய்ச் சேராத ஆறு தபாலட்டைகள்

இல்ஃபோர்ட்
23.10.1994

அன்பு மகள் நீலவேணிக்கு,

இங்கே கொதிகேத்தலில் தொடங்கி உன் அப்பாவின் முழங்கால் வரை எல்லாம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன, அங்கே மெல்பேர்னில் நீயும் உன் உடம்பும் ஒன்றையொன்று குறைசொல்லாமல் இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். போன கிழமையும் அதற்கு முதல் கிழமையும் நீ போன் எடுத்தபோது நான் இரண்டு வார்த்தையோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அம்மாவுக்குக் கோபமோ என்று நீ அவரிடம் கேட்டிருக்கிறாய். கோபமென்றால் எனக்குச் சுகம் பிள்ளை, மூன்று நாள் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினால் போய்விடும். இது வேறு என்னவோ. பல்லுப் பிடுங்குவதற்குக் குத்துகிற ஊசி இருக்கிறதல்லவா, அதன் மரப்பு இறங்காத மாதிரி இருக்கிறது, தேத்தண்ணி குடித்தால் வாயால் வழிவதுகூடத் தெரியாதே, அப்படி. அதனால் வாயால் சொல்லாமல் கையால் எழுதுகிறேன்.

செல்வரத்தினம் மாமா ஊரில் கண்மூடி மோசம்போன செய்தி உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், குட்மேய்ஸில் இருக்கிற யோகலிங்கம் அண்ணைக்கும் பெண்சாதி கலாவதிக்கும் தெரியும், நாங்கள் விடுமுறைக்குப் போன தீவில் கடற்கரையில் இளநீர் வெட்டுகிற கஸ்பருக்கும் தெரியும். எட்டு நாள் தெரியாமல் இருந்தவள் அவருடைய ஒரேயொரு தங்கச்சி மட்டும்தான். அதுவும் எப்படிப்பட்ட தங்கச்சி. இல்ஃபோர்டில் யாருடைய வீட்டில் பெண்பார்க்க வருகிறார்கள், யாருக்கு விசா மறுத்தார்கள், யார் காசில்லை என்று கவுன்சில் வீட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் கார் மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரருக்கு முதலே தெரிந்திருக்கிற பெண்பிள்ளை. என்னிடமிருந்து ஒரு கதையை மறைக்க ஏலாது என்று ஊரெல்லாம் பெயர். வாழ்க்கையில் ஒரேயொரு கதையை மறைத்தார்கள், அதை எவ்வளவு வடிவாக மறைத்தார்கள் என்று நினைத்தால் எனக்கே கைதட்ட வேண்டும்போல இருக்கிறது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நீ போனின் அந்தப் பக்கத்தில் இருந்தபடியால் உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளென்று நீயும் காசு சேர்த்து அனுப்பி, யோகலிங்கம் அண்ணை விளம்பரம் பார்த்து ஒழுங்குபண்ணி, ஒக்டோபர் முதலாந் திகதி சனிக்கிழமை நாலுபேரும் பார்படோஸ் போய் இறங்கினோம். கடற்கரையோரம் ஹோட்டல், அறையிலிருந்து இருபது எட்டு வைத்தால் தண்ணீர். வெள்ளைக்காரர் எல்லாரும் கறுப்பாக வருவதற்காக வெயிலில் புரண்டு கிடக்க, நாங்கள் நாலுபேரும் இருக்கிற கறுப்பைக் காப்பாற்றிக்கொள்ளக் குடைக்குக் கீழே கதிரையை இழுத்து இழுத்து நிழலோடு நகர்ந்துகொண்டிருந்தோம். பின்னேரம் பார்த்தால் காலையில் இருந்த இடத்திலிருந்து அரைமைல் தள்ளி, பக்கத்து ஹோட்டல்காரனின் கடற்கரையில் இருக்கிறோம். இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. ஹோட்டல் கடையில் படத் தபாலட்டை ஏழு வாங்கினேன், நாளுக்கு ஒன்று, முத்திரையும் நானே நக்கி ஒட்டினேன். முதல் அட்டையை ஞாயிறு எழுதினேன், திங்கள் விடிய அப்பா அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். யாழ்ப்பாணம் போக ஒன்றரை மாதம் எடுக்கும், எடுக்கட்டும், ஏழும் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்தால் மனிசன் சிரித்தே மூச்சடைத்துப்போவார் என்று சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

அன்றைக்குப் பத்து மணிபோலக் கஸ்பர் வந்து, ஹோட்டல் கந்தோரில் உங்களுக்கு போன் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். அது நீ. கொழும்பிலிருந்து இல்ஃபோர்ட் வீட்டுக்கு எடுத்து யாரும் இல்லையென்று உனக்கு எடுத்திருக்கிறார்கள், கிளாலிக் கடலேரி கடந்து கொழும்புக்கு வந்த ஒருவர் கொண்டுவந்த செய்தி, மாமா போய் அப்போதே பத்து நாள், எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. அப்பா திரும்பி வந்து வேலையிடத்திலிருந்து எடுத்தார்கள் என்றார், பன்னிரண்டு வருடமாக லண்டன் தபால் கந்தோரில் நிலத்தடியில் நின்று தபால் பிரிக்கிறவரை ஒருநாளும் தேடாதவர்கள் பார்படோஸ் வரைக்கும் தேடினார்களாம், நானும் நம்பினேன். பெரிய கெட்டிக்காரி.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் எனக்குப் புதினமாகத்தான் இருந்தது, காரணத்தைத்தான் பிழையாகப் பிடித்தேன். கால் நனைக்க மாட்டாத உன் அப்பா அன்றைக்குப் பின்னேரம் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்து என் கையைப் பிடித்தார், வெள்ளிவிழா மயக்கம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நான் சூட்கேசுக்குள் சேலைக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுபோன ரைஸ் குக்கரைக் குளியலறையில் போட, எங்கள் பக்கத்துப் பத்து அறைக்கும் கரண்ட் போய்விட்டது, மனேஜர் ஓடிவந்தான். வேறு நாளென்றால் அப்பா அந்த மனேஜருக்கு முன்னாலேயே என்னைக் கிழித்திருப்பார். அன்றைக்கு, நான்தான் சோறு போட்டேன், மன்னிக்க வேணும் என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். கலாவதி, ட்ராபிக் லைட் பச்சையாகும் வரைக்கும் ஒரு இரகசியத்தை வைத்திருக்க முடியாதவள், ஐந்து நாள் தலையிடி தலையிடி என்று அறையை விட்டு வரவில்லை, என் முகத்தைப் பார்த்தால் வாய் திறந்துவிடும் என்ற பயமாம். நான் அவளுக்கும் யோகலிங்கம் அண்ணைக்கும் பெரிய சண்டை என்று முடிவுகட்டி, அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, அட்டையில் எழுதியும்விட்டேன். கஸ்பர் கேட்காமலே இளநீர் கொண்டுவந்து தந்தான். விமானத்துக்கு வெளிக்கிடுகிற அன்றைக்கு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, கடவுள் இருக்கிறார் அம்மா என்றான், நான் கொடுத்த ரிப்ஸ் காசு கூடிவிட்டதோ என்று யோசித்தேன்.

வியாழக்கிழமை நீ திரும்பவும் எடுத்தாய், என்னோடு கதைத்தாய். அம்மா சாப்பிட்டீங்களோ என்று மூன்றுதரம் கேட்டாய். நான் ரைஸ் குக்கர் கதையைச் சொன்னேன், நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன் பிள்ளை, அதில் ஒரு கீறல் இருந்ததா என்று. ஒன்றுமில்லை. நல்ல சிரிப்பு. முடிவு அப்பாவுடையது, குரல் உன்னுடையது.

வெள்ளிக்கிழமை ஹோட்டலில் பார்ட்டி. தடிக்குக் கீழே பின்பக்கம் வளைந்து போகிற ஆட்டம், உனக்குத் தெரியும்தானே, சேலையைச் செருகிக்கொண்டு நான் போனேன், இடுப்பு நாரி பிடிக்கப் பிடிக்கப் போனேன், சனம் எல்லாம் கைதட்டியது, தலை துவட்டுகிற ஒரு துவாய் பரிசு தந்தார்கள். என் அண்ணை போய்ப் பதினாலாம் நாள், வீட்டில் சாவுத் துடக்கு, நான் மீன் பொரியல் சாப்பிட்டுவிட்டுத் தடிக்குக் கீழே வளைகிறேன். அந்தப் படம் போன செவ்வாய்தான் கழுவி வந்தது. நடுவில் நான், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. எனக்குப் பின்னால் வரிசையாக அப்பா, யோகலிங்கம் அண்ணை, கலாவதி, கையில் தட்டோடு கஸ்பர், நாலு முகத்திலும் செத்தவீடு. அதைப் பார்க்காத ஒருத்தி நான்தான், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வந்து மூன்றாம் நாள் உடுப்புத் தோய்க்க எடுத்தபோது அப்பாவின் மண்ணிறக் கோட்டின் உள்பொக்கெட்டில் ஆறு அட்டையும் இருந்தன. ரப்பர் வளையம் போட்டு, திகதி ஒழுங்கில். ஒவ்வொரு நாளும் நான் கொடுக்க, போட்டுவிட்டேன் போட்டுவிட்டேன் என்று சொன்ன அட்டைகள். குசினிக்குக் கொண்டுபோய்த் தொடங்கினேன், ஊரார் கடிதமெல்லாம் ஒழுங்காகப் பிரித்து அனுப்புகிற மனிசனுக்குப் பெண்சாதியின் ஆறு அட்டையைப் பெட்டியில் போடப் பஞ்சியோ என்று. அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், கத்தியை வைத்துவிட்டு, வாங்கிறதுக்கு அங்கை ஆளில்லை தவம் என்றார். அண்ணை இடம்பெயர்ந்துவிட்டாரோ, எந்தப் பக்கம் என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகுதான் எல்லாம் சொன்னார். இஞ்சரும், அங்கை எட்டும் முடிஞ்சுது, நீர் அழுதாலும் பிளேன் சனிக்கிழமைதான், ஆரும் பார்க்கேலாது ஒண்டும் செய்யேலாது, அஞ்சு நாளாவது சிரிச்சுக்கொண்டு இரும் எண்டு விட்டனான் என்றார். எனக்கு அதில் ஒரு பிழையும் பிடிக்கத் தெரியவில்லை. வெங்காயம் போதும் என்று சொன்னேன், போய்க் கோட்டை மெஷினுக்குள் போட்டேன், தண்ணீரில் போடக்கூடாத கோட்டு, இப்போது அது பத்து வயதுப் பிள்ளைக்கு அளவு.

அன்றிலிருந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சனம் துக்கம் விசாரிக்க வருகிறது, பிஸ்கட் பெட்டியும் பழமும் குவிந்து கிடக்கிறது. கலாவதி ஐந்து நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து என் சோபாவில் இருந்து அழுதாள், நான் அவளுக்கு லேஞ்சி கொடுத்தேன். கனகாம்பிகை அக்கா வாசலில் சப்பாத்துப் போடும்போது, தவமலருக்குக் கல் மனம் என்று யாருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது, இந்தக் காது ஒன்றும் மரத்துப்போகவில்லை. ஆனால் ஒரு புதினமும் சொல்கிறார்கள் இல்லை, நான் வந்தவுடன் குரலைத் தாழ்த்துகிறார்கள், துக்கக்காரிக்கு ஊர்க்கதை சொல்லக்கூடாதாம். என் வியாபாரமே படுத்துவிட்டது. செய்தி கேட்ட நேரத்தில் அழுதிருந்தால் அது எல்லாரும் அழுத நாளுக்குக் கிட்டவாவது இருந்திருக்கும். இப்போது எந்த நாளில் நின்று அழுவதென்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. உனக்கு ஏ-லெவல் சோதனை நடந்தபோது பெரியப்பா செத்துப்போனதைப் பதின்மூன்று நாள் உனக்கு மறைத்தவள் நான். பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டேன், உனக்கு முட்டைக்கோப்பி அடித்துத் தந்துகொண்டு சிரித்துப் பேசினேன். கடைசிச் சோதனை முடிந்து சொன்னபோது நீ அழவில்லை. அந்தப் பதின்மூன்று நாளும் நான் என்னென்ன செய்தனான் அம்மா என்று மட்டும் கேட்டாய். விசர்க் கேள்வி என்று நினைத்தேன். இப்போது நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், திங்கள் இது செய்தேன், செவ்வாய் அது செய்தேன் என்று. ஆகவே நீ என்னிடம் படித்ததைத்தான் எனக்குத் திருப்பித் தந்திருக்கிறாய், அதற்கு உன்னைப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் இந்த வழக்கத்தை எங்கள் இரண்டுபேரோடும் நிற்பாட்டுவோம். இனி யாருக்கு என்ன நடந்தாலும், நான் விமானத்தில் இருந்தாலும் கலியாணவீட்டில் இருந்தாலும், எனக்கு முதலில் சொல்லு. நானும் உனக்கு மறைக்க மாட்டேன். எனக்கே ஏதும் நடந்தால் உன் அப்பாவை நம்பாதே, அவர் அட்டையைப் பொக்கெட்டில் வைத்திருப்பார்.

நாளைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. இங்கே கோயிலில் ஐயரிடம் சொல்லியிருக்கிறோம், மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைத்துப் படைக்கிறேன். உனக்கு இது கிடைக்கும்போது அதுவும் முடிந்து ஒரு கிழமை ஆகியிருக்கும், பார்த்தாயா, இதுவும் பிந்தித்தான். இரட்டை ஷிப்ட் செய்யாதே. அங்கே வெயில் தொடங்குகிறதாம், கடலில் தனியக் குளிக்கப் போகாதே. தலைமயிரை வெட்டினாயென்று அப்பா சொன்னார், அதையாவது எனக்குச் சொன்னாரே. தனித்துப்போன கல்யாணி மாமிக்கு இரண்டு வரி எழுது, கொழும்புக்கு அனுப்பினால் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீயும் சாப்பாட்டைக் கைவிடாதே.

இதனுடன் ஆறு அட்டைகளும் வைத்திருக்கிறேன், இரண்டு தொடக்கம் ஏழு வரை. நிழலுக்குப் பின்னால் கதிரை இழுத்தது, ரைஸ் குக்கர், உன் அப்பா கை பிடித்தது, கலாவதியின் பொய்ச்சண்டை, ஆட்டம், எல்லாம் இருக்கிறது. சிரிக்கிற ஒரு ஆளுக்கென்று எழுதியவை, சூட்கேசுக்குள் பூட்டி வைக்க மனம் வரவில்லை. மாமா சிரித்தால் மூக்கால் ஒரு விசில் வரும், உனக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் எடு, என்னோடு கதைக்காதே, அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சிரி, நான் இந்தப் பக்கம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வருமோ என்று பார்ப்போம். ஒன்றாவது அட்டையைத் தேடாதே. அது ஒன்றுதான் உண்மையாகப் போய்க்கொண்டிருக்கிறது, எந்தக் கப்பலில் என்று தெரியாது, ஒருநாள் மாமியின் கையில் போய்ச் சேரும். அதில் இடம் போதாமல் கடைசியில், மிச்சம் நாளைக்கு அண்ணை, என்று எழுதியிருந்தேன்.

மிச்சம் உன்னிடம் இருக்கிறது.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
க. தவமலர்