வெற்றுத்தாளில் சித்தியின் கையெழுத்து

ஜூன் 3

அடி வாயாடிக்கு,

சித்தி நன்றாக இருக்கிறேன். உடம்புதான் இரண்டு சுற்று கூடிவிட்டது. எண்பது பேருக்குச் சமைத்து, அத்தனைக்கும் உப்பு பார்த்தால் வேறென்ன ஆகும்? மலையைக் குடைந்து ரோடு போடுகிறவர்கள் சோற்றையும் அப்படித்தான் குடைகிறார்கள்.

பரோலில் உனக்குப் போன் கூடாது என்றதிலிருந்து நானும் கடுதாசி எழுதப் பழகிவிட்டேன். நாலாவது வரை படித்தவளுக்கு இது ஜாஸ்தி.

உன் காப்பாளர் என்று நான் வாரா வாரம் கையெழுத்துப் போட வேண்டுமாம், உங்கள் விடுதி டீச்சர் பத்துத் தாள் அனுப்பியிருந்தார். இங்கே தபால் வண்டி பதினைந்து நாளைக்கு ஒரு தரம். அதனால் பத்திலும் ஒரே மூச்சில் போட்டு உனக்கே அனுப்பியிருக்கிறேன். மேலே நீயே நிரப்பிக்கொள். டீச்சருக்கும் நிம்மதி, எனக்கும் குழம்பு அடிப்பிடிக்காது.

உன் சித்தி

ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

தாள்கள் வந்தன. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? 'இந்த வாரம் இத்தனை நாள் வகுப்புக்குப் போனாள். போகாத நாளில் எங்கே இருந்தாள் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.' அதை நம்பித்தான் பரோல் ஆபீசர் என்னை வெளியே விட்டிருக்கிறார். மாதத்தில் மூன்று நாள் போகாவிட்டால் மீதிப் பதினோரு மாதமும் உள்ளேதான்.

போன திங்களும் செவ்வாயும் நான் போகவில்லை. மெக்கானிக் கடை மாடியில்தான் எங்கள் வகுப்பு; அங்கே வருகைப் பதிவு கிடையாது, இந்தத் தாள்தான் கணக்கு. என்னோடு பன்னிரண்டு பேர், எல்லோரும் என்னைப் போல வெளியே வந்தவர்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வரிக்கு நாலு இடத்தில் நின்றேன். சிரித்தார்கள், சித்தி.

உங்கள் தாளில் 'ஐந்து நாளும்' என்று நிரப்பினேன். விடுதியில் என் அறைக்காரி, "உனக்கென்னடி, சித்தியே போட்டுக் குடுத்துட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு நீட்டு" என்றாள். நீட்டினேன். டீச்சர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி சொகமா?" என்று கேட்டார். தாளைப் பிடுங்கிக்கொண்டேன். பொய் தெரிந்தால் உங்களைக் காப்பாளர் இல்லை என்று ஆக்கிவிடுவார்களாம். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் பெயரில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு நாள் தவறினால் முடிந்தது. பத்துத் தாளையும் கிழித்துவிட்டேன். உண்மையை எழுதிய புதுத்தாள் இத்துடன் இருக்கிறது. படித்துவிட்டுப் போடுங்கள்.

வாயாடி

ஜூன் 18

அடி கண்ணு,

படித்தேன். பொடி எழுத்து. உலை கொதித்து, சோறு வெந்து, வடித்தும் ஆயிற்று, நான் பாதித் தாளில்தான் இருந்தேன். மேஸ்திரி, "நான் படிச்சு சொல்லவாம்மா?" என்றார். "உங்க வீட்டுப் புள்ளையா எழுதுச்சு? போய் தட்டக் கழுவுங்க" என்றேன்.

கூறுகெட்டவள் நான். உன்னை உள்ளே தள்ளக்கூடிய தாளில் பத்துத் தடவை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

ஆனால் இந்தப் புதுத்தாளில் இன்னும் போடவில்லை. உன்னிடமே கேட்டதாக இருக்கிறது. நான் கேட்கவே இல்லையே? இப்போது கேட்கிறேன். அந்த இரண்டு நாளும் எங்கேடி இருந்தாய்?

தபால்காரர் ஹாரன் அடிக்கிறார்.

சித்தி

ஜூன் 24

சித்தி,

உங்கள் வீட்டுப் படியில். பூட்டியிருக்கும் என்று தெரியும். இருந்தாலும் போனேன்.

வாயாடி

ஜூலை 3

என் தங்கத்துக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோணல்தான்.

மேஸ்திரி போனில் டீச்சரிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை உன்னை விடுதியிலிருந்து வெளியே விடுவார்களாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு லீவு வேண்டும், இல்லாவிட்டால் எண்பது பேரும் ஆளுக்கொரு கரண்டி பிடியுங்கள் என்று சொல்லி வாங்கிவிட்டேன். காய்கறி லாரியில் வருகிறேன். வீட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன்.

புத்தகத்தைக் கொண்டு வா. சத்தமாக வாசி. நீ நாலு இடத்தில் நின்றால் நான் எட்டு தரம் சிரிப்பேன். என் சிரிப்பைத் தாங்கிவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் எந்த மூலைக்கு? பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பு. நான் எத்தனை இடத்தில் நிற்கிறேன் என்று நீ எண்ணு.

மறுநாள் திங்கள். வகுப்புக்குப் போய்விடு.

சித்தி