வாள் நில்லாத கை

சுனைகள் வற்றாதிருக்க, குடிகள் குளிர்ந்திருக்க. நீர்மலை நாட்டுத் தலைவர் கீரன் வில்லவனார்க்குச் செங்குன்ற நாட்டரசர் ஆதன் பெருங்கோ நலம் வினவி விடுக்கும் ஓலை. அரசர் சொல்ல, ஓலைநாயகன் பூதன் சாத்தன் எழுதியது.

போரில் வென்ற எம் அரசர், தங்கள் மலைத்தெய்வமாகிய நெடுமுகிலாரைத் தேரேற்றிக் கொணர்ந்து, எங்கள் கோயிலுக்கு வாயிற்காவலராக நிறுத்தியதைத் தாங்கள் அறிவீர்கள். வளைந்திருந்த அவர் இடக்கையில் வாள் ஒன்றைச் சாத்தினோம். வாளோ நிற்பேனா என்றது. பொற்கம்பியால் இறுக்கிக் கட்டினாலும் பூசை முடிவதற்குள் தரையில் கிடந்தது. பூசகரும் சிற்பியரும் ஆளுக்கொரு யோசனை சொன்னதுதான் மிச்சம்.

இந்நிலையில் அரசிக்குப் பெண்மகவு பிறந்தது. அரசர் அப்போதே மகளை வாரியெடுக்க, போரில் சிறைப்பட்டு வந்த தங்கள் நாட்டுச் செவிலி நல்லி அதைக் கண்டு தேம்பினாள். காரணம் வினவியபோது அவள் கூறியதை அவள் சொல்லாலேயே எழுதுமாறு அரசர் பணித்தார்: "கோயில்ல நீங்க வாள் சாத்துறீங்களே, அது புள்ளை ஏந்துற கைங்க. எங்க ஊர்ல பொறந்த புள்ளைய மொதல்ல சாமி ஏந்தணும், அப்புறந்தான் பெத்த அப்பன் தொடலாம். இப்ப சாமி இங்க இருக்கு. அங்க எந்த அப்பன் தொடுவான்?"

அன்று அரசர் உண்ணவில்லை. ஒரு தெய்வத்தைக் கொணர்ந்ததாக எண்ணி, ஒரு நாட்டுத் தகப்பன்மார் கைகளை எல்லாம் கட்டிப்போட்டோமே என்று நொந்தார். தங்கள் மகன் தவழ்ந்து காலடிக்கு வரும்போதெல்லாம் தாங்கள் பின்னே நகர்ந்துகொள்வதாக, உண்மையறிய அவர் விடுத்த தூதுவன் திரும்பி வந்து சொன்னபோது, அரசர் மடியில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவர் அழுதார். அதை எழுத வேண்டாம் என்று என்னிடம் சொல்லவுமில்லை.

ஆகவே நெடுமுகிலார் வாளின்றி, சிறைநீங்கிய நல்லி துணைவர, இவ்வோலையோடு தம் மலைக்குத் திரும்புகிறார். வழிக்காவலர் எவரும் தடுக்கலாகாது. கைம்மாறு எதுவும் கேட்கலாகாது. இது வேல் இலச்சினை பதித்த ஆணை.

தெய்வம் புறப்படுமுன் அரசர் தம் மகளை அக்கையில் ஒருமுறை கிடத்திப் பார்த்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தினாள்.

இனி எழுதுவது ஆணையன்று, ஒரு தகப்பன் மற்றொரு தகப்பனிடம் கேட்டுக்கொள்வது. தெய்வம் ஏந்தியதும் மகனைத் தாங்கள் வாங்கிக்கொள்க. அரசவோலைக்கு உடனே மறுவோலை எழுதுவது வழக்கம், இம்முறை வேண்டாம். கை ஒழிந்தபோது எழுதினால் போதும்.